கோடுக்காரி வாங்கிய பொக்லைன்

கோடுக்காரி என்று கேட்டால் அந்தத் தெருவில் யார் வேண்டுமானாலும் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பாங்க் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெயரை வைத்தது அவள் புருஷன். கல்யாணமாகி வந்த முதல் மாதமே எண்ணெய் பாட்டிலில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்து, "கோட்டுக்குக் கீழ ஒரு விரல்கடை இறங்கியிருக்கே, யாரு எடுத்தது?" என்று கேட்டாளாம். எடுத்தது அவன்தான். தலையிலிருந்து எண்ணெய் வடிய வடிய நின்றுகொண்டு, "எனக்குத் தெரியாது" என்று சாதித்தானாம்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமாக அவள் கோடு போடாத பாத்திரம் அந்த வீட்டில் இல்லை. டீசல் கேன், பால் கேன், விதை வைத்த தகர டின், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் கோடு. ஆணி மழுங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்த அவள் தம்பி, கான்கிரீட்டில் துளை போடுகிற டிரில் பிட்டின் உடைந்த முனை ஒன்றைக் கொண்டுவந்து அவள் சாவிக்கொத்தில் மாட்டிவிட்டான். "இந்தாக்கா, இது எவர்சில்வரையே கிழிக்கும். இனிமே உன் கோட்ட எவனாலயும் அழிக்க முடியாது" என்றான். தம்பி பக்கத்து டவுனில் மோட்டார், என்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன். அவளுக்கு ஒன்பது வயது இளையவன். அம்மா படுக்கையில் விழுந்தபிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்.

தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனின் சித்தப்பா மகன் ஒரு பழைய மோட்டாரை அவர்கள் தலையில் கட்டினான். "அண்ணே, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றான். இவர்களும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்கள். முப்பத்தோராவது நாள் உள்ளே கம்பி சுற்றிய காயில் கருகிப் புகை வந்தபோதுதான் திறந்தார்கள். விற்றவனைப் போய்ப் பிடித்தால், நடுவில் நின்ற சித்தப்பா மகன் தன்னிடம் எவ்வளவு கறந்தான் என்று சொல்லி அவன் அழுதான். அன்றிலிருந்து, நடுவில் நிற்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் கைக்கு ஏதோ போகிறது என்பது அவளுக்கு வேதவாக்கு.

இந்தத் தடவை நடுவில் நின்றது தம்பி.

விஷயம் கீழ்வயலைப் பற்றியது. இருக்கிற நிலத்தில் மண் என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான். மேல்வயலில் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி விரல் தேய்ந்தது. கீழ்வயலைச் சுற்றிப் போகிற வடிகால் தூர்ந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இரண்டு முறையும் முழங்கால் தண்ணீர் நின்று பயிர் வேரோடு அழுகியது. நாலு ஆள் வைத்துப் பன்னிரண்டு நாள் மண்வெட்டி போட்டார்கள். வெட்டிய இடம் கரை சரிந்து மூடிக்கொண்டது. வாடகைக்குப் பொக்லைன் கேட்டால், "சின்ன வேலைக்கெல்லாம் வண்டி வராதுங்க" என்று போனை வைத்தார்கள். புருஷனுக்கு வலது தோள் தூக்க வராது. ஏணியிலிருந்து விழுந்து பிசகியது, அப்படியே நின்றுவிட்டது. மூன்றாவது மழையும் கீழ்வயலில் நின்றால் நிலத்தை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

அப்போதுதான் தம்பி சொன்னான். "மாமா, பழைய வண்டி ஒண்ணு விலைக்கு வருது. முன்னாடி பெரிய பக்கெட்டு, பின்னாடி தோண்டுற கை. பழசுதான், ஆனா நாம என்ன மலையையா உடைக்கப் போறோம்? வடிகாலு, எருக்குழி, நாலு வேர்க்கட்டை. அதுக்குத் தாங்கும்."

தொழுவத்தில் நின்ற இரண்டு மாடும் போயின. போகிற அன்றைக்கு அவள் வாசலுக்கு வரவில்லை. பால் கேனைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் உள்ளே வரிசையாகக் கிடந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விற்கிறவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள். ஒரே ஒரு வண்டி, அதை ஓட்டுவதும் அவரே. ரோட்டை ஒட்டிய வீடு, பின்னால் தகரக் கொட்டகை. எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண்ணில், பழைய டயர் குவியலுக்குப் பக்கத்தில், மஞ்சள் வெளுத்து நின்றது பொக்லைன். அவளும் புருஷனும் தம்பியும் போய் இறங்கியபோது ஆபரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தார். வயது அறுபதை நெருங்கும்.

"வாங்க" என்றார். முகத்தைத் திருப்பவில்லை.

முகம் கொடுத்துப் பேசாத ஆள் என்று அவள் மனதுக்குள் முதல் கோட்டைப் போட்டுக்கொண்டாள். நேராக வண்டியிடம் போய் என்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"சூடா இருக்கு."

"என்னக்கா?" என்றான் தம்பி.

"நீதானே பஸ்ஸுல சொன்ன? பழைய என்ஜின ஆறின நிலையில எழுப்பிப் பாக்கணும், ஒரே இழுப்புல எழுந்தாத்தான் நல்லதுன்னு. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்காரு."

"கழுவ ஓட்டிட்டுப் போயிட்டு வந்தேம்மா" என்றார் ஆபரேட்டர். "அழுக்கோட காட்டினா நல்லாவா இருக்கும்?"

"அழுக்கோட காட்டினாத்தானே எங்க ஒழுகுதுன்னு தெரியும்?"

தம்பி இருமினான். புருஷன் மேகம் பார்த்தான். அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதுதான். சீட்டின் இடது ஓரம் கிழிந்து துணி சுற்றியிருந்தது. லீவர் குமிழ்கள் தேய்ந்து வழவழத்துக் கிடந்தன. பின்கையின் முட்டியில் மட்டும் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது.

"இங்க மட்டும் ஏன் புதுசு?"

"வெல்டு வச்ச இடம்மா. துருப் பிடிக்காம அடிச்சிருக்கு. மறைக்கணும்னா வண்டி முழுக்க அடிச்சிருப்பேனே."

"ஏன் விக்கிறீங்க?"

"முடியல."

"என்ன முடியல?"

"ஓட்ட முடியல."

"நல்லா ஓடுற வண்டிய யாராவது விப்பாங்களா?"

"ஓடாத வண்டிய வித்தா நீங்க வாங்குவீங்களா?"

புருஷன் குபுக்கென்று சிரித்துவிட்டான். அவள் பார்த்த பார்வையில் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான்.

தம்பிதான் வழி சொன்னான். "அண்ணே, பின்பக்கெட்டுல மண்ண நிறைய அள்ளுங்க. நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி நீட்டிப் பிடிச்சு என்ஜின நிறுத்திடுங்க. ஒரு மணி நேரம் அப்படியே நிக்கட்டும். சிலிண்டர்ல எங்கயாவது எண்ணெய் நழுவினா கை தானா இறங்கிடும். அதுக்குள்ள என்ஜினும் ஆறிடும். ரெண்டு சோதனையும் ஒண்ணா முடிஞ்சுரும்."

"தாராளமா" என்றார் ஆபரேட்டர்.

ஈர மண்ணைக் கவ்விக்கொண்டு கை அந்தரத்தில் நின்றது. அதைத் தூக்கிப் பிடித்திருந்த சிலிண்டரின் வாயிலிருந்து, கண்ணாடி மாதிரி மின்னும் ராடு நீண்டிருந்தது. ஆபரேட்டரின் மனைவி பின்வாசலில் நின்று டீ குடிக்கக் கூப்பிட்டாள். எல்லோரும் நடந்தார்கள்.

அவள் நடக்கவில்லை. உள்ளே நாம் டீ குடிக்கிற நேரத்தில் யாராவது வந்து, இறங்கின கையை மறுபடி தூக்கி வைத்துவிட்டால்? மனிதன் செய்யக்கூடிய காரியம்தானே?

"செருப்புல மண்ணு அப்பிருச்சு, தட்டிட்டு வர்றேன்" என்றாள்.

கொட்டகையில் ஆள் இல்லை. வண்டியைத் தாங்கத் தரையில் ஊன்றியிருந்த பக்கக் கால் மேல் ஏறி நின்றாள். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். ராடு சிலிண்டருக்குள் நுழைகிற வாயோரத்தில் டிரில் முனையை அழுத்தி இழுத்தாள். கிரீச்சென்று ஒரு சத்தம். ராடின் மேல் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு மெல்லிய கோடு விழுந்தது. கை இறங்கினால் ராடு வெளியே வரும், கோடு வாயை விட்டு நகரும். மறுபடி தூக்கினாலும் மயிரிழை பிசகாமல் அதே இடத்துக்கு வருமா? வராது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒரு வாய் குடித்ததைப் பார்த்த பிறகுதான் அவள் டம்ளரைத் தொட்டாள். முன்னறையில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரோரம் கிரீஸ் துப்பாக்கி.

"எத்தன வருஷமா இந்தத் தொழில்?" என்று புருஷன் கேட்டான்.

"முப்பத்து மூணு. இந்த வண்டியில இருபது."

"விட்டுட்டு என்ன பண்ணப் போறீங்க?"

ஆபரேட்டரின் மனைவி வாயைத் திறந்தாள். "இவரா விடுறாரு? இவருக்குத்தான்..."

"டம்ளர எடுத்துட்டுப் போ" என்றார் ஆபரேட்டர். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோடுக்காரி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். ஏதோ இருக்கிறது. பெண்டாட்டி சொல்ல வந்ததை வெட்டுகிறான் என்றால் சும்மாவா? வண்டியில் யாராவது அடிபட்டிருப்பார்களோ? வண்டி இன்னொருத்தன் பெயரில் இருக்குமோ? அந்த ஒரு மணி நேரத்தில் அவள் அந்த மனுஷனுக்கு மூன்று வழக்கும் ஒரு ஜெயில் தண்டனையும் கொடுத்து முடித்தாள்.

திரும்பி வந்து பார்த்தால் கை நட்டது நட்டபடி நின்றது. பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. என்ஜின் ஆறியிருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை, அப்புறம் சீராக ஓடியது. எல்லோர் முகமும் மலர்ந்தது. அவளுக்கு மட்டும் ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில்தான் அதைப் பார்த்தாள். டயர் குவியலுக்கு அந்தப்பக்கம் ஆபரேட்டரும் தம்பியும் தணிந்த குரலில் பேசினார்கள். ஆபரேட்டர் செய்தித்தாளில் சுற்றிய எதையோ தம்பி கையில் திணித்தார். தம்பி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அக்கா நிற்பதை அவன் பார்க்கவில்லை.

வழி நெடுக அவள் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னக்கா, தலைவலியா?" என்று இரண்டு தடவை கேட்டான். இல்லை என்றாள்.

பொக்லைன் வந்து நின்றதும் வீட்டின் சத்தமே மாறிவிட்டது. ஆபரேட்டர் இரண்டு நாள் வந்து புருஷனுக்கு லீவர் பழக்கிக் கொடுத்தார். புருஷன் முன்பே டிராக்டர் ஓட்டியவன், பிடித்துக்கொண்டான். மண்வெட்டி தூக்காத தோளுக்கு லீவர் தள்ளுவது ஒரு வலியாகவே இல்லை. வாய் ஓயாத மனுஷன் வண்டியில் ஏறினால் பேச்சை மறந்தான். எருக்குழி அரை நாளில் ஆனது. பதினைந்து வருஷமாக ஏர் முட்டிக்கொண்டிருந்த வேர்க்கட்டையைப் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி ஓரமாக வைத்தான். அப்புறம் வடிகாலில் இறங்கினான். கறுத்த சேற்றை அள்ளி அள்ளி அந்தப்பக்கம் கொட்ட, வாய்க்கால் தன் பழைய வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவள் கரையில் குடையோடு நின்று பார்த்தாள். அவளுக்கே தெரியாமல் வண்டி மேல் கொஞ்சம் பிரியம் வந்தது. சாயங்காலம் அவளே துணி எடுத்துப் போய்ச் சேற்றைத் துடைத்தாள்.

துடைக்கிறவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒன்பதாம் நாள் ராடின் மேல் தூசி ஈரமாக ஒட்டியிருந்தது. பத்தாம் நாள் துடைத்த துணி நனைந்தது. பதினோராம் நாள் மத்தியானம் புருஷன் கையைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க இறங்கினான். அவன் சொம்பைக் கவிழ்ப்பதற்குள் அந்தரத்தில் நின்ற கை, தூக்கம் வந்த ஆள் தலை சாய்கிற மாதிரி மெல்ல மெல்ல இறங்கிச் சேற்றில் பக்கெட்டை வைத்துப் படுத்துக்கொண்டது. சிலிண்டர் வாயிலிருந்து எண்ணெய் கோடாக வழிந்தது.

வடிகாலில் பாதிதான் வெட்டியாகியிருந்தது. தோண்டிய மண் மறுபாதியின் வாயை அடைத்துக் கிடந்தது. இப்படியே மழை வந்தால் போன வருஷத்தைவிட மோசம். மேற்கே மூன்று நாளாக மேகம் அடுக்கிக்கொண்டிருந்தது.

"மாப்ளய கூப்பிடு" என்றான் புருஷன்.

தம்பி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தான். பையை வண்டிப் படியில் வைத்துவிட்டு ராடைத் துணியால் துடைத்தான். கட்டைவிரலை மெதுவாக ராடின் மேல் ஓட்டிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நிறுத்தினான். விரலை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி அக்காவை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையை அவள் குற்றவாளியின் பார்வை என்று எடுத்துக்கொண்டாள். பதினோரு நாளாக அடக்கி வைத்தது உடைந்தது.

"என்னடா பாக்குற? என்ன சொல்லலாம்னு யோசிக்கிறியா?"

"அக்கா..."

"எவ்வளவு வாங்கின அந்த ஆளுகிட்ட?"

புருஷன் பதறிப்போனான். "ஏய், என்ன பேசுற நீ?"

"நீங்க சும்மா இருங்க. என் கண்ணால பாத்தேன். டயருக்குப் பின்னாடி நின்னு பேப்பர்ல சுத்திக் குடுத்தான், இவன் வாங்கிப் பையில போட்டான். அன்னைக்கு உங்க சித்தப்பா மகன், இன்னைக்கு என் தம்பி. என் ரெண்டு மாட்டையும் வித்துக் குடுத்தேனேடா! இடுப்புல தூக்கிச் சுமந்ததுக்கு இதானாடா கூலி?"

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பியின் முகம் சுண்டிப்போனது. விரலை ராடிலிருந்து எடுத்தான். பைக்குள் கை விட்டுச் செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து வண்டிப் படியில் வைத்தான்.

"இதான் வாங்கினேன்" என்றான். "மாமா, வண்டிய எடுக்காதீங்க. ராடுல கல்லு பட்டிருக்கு."

"சாப்பிட்டுப் போ மாப்ள, அவ கெடக்கா..."

"இல்ல மாமா."

அவன் பைக் ரோட்டில் ஏறி மறைந்த பிறகு புருஷன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே எண்ணெயில் தோய்த்த கறுப்பு ரப்பர் வளையங்கள், பெரிதும் சிறிதுமாக ஆறேழு.

"சீல் செட்டு. எண்ணெய் ஒழுகாம இந்தச் சிலிண்டர் வாயில மாட்டுறது" என்றான் புருஷன். "இத வாங்கினதுக்கா அவன இந்தப் பேச்சு பேசின?"

அவள் ஒரு வளையத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும் புத்தி பழகிய பாதையில்தான் போனது. "ஒழுகும்னு தெரியாமலா சீலு வாங்கி வச்சிருக்கான்? அப்ப முன்னாடியே தெரிஞ்சிருக்கு அவனுக்கு."

புருஷன் அவளைப் பார்த்தான். அவன் கோபப்பட்டால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். "உன்கூட வாழ்ந்ததுல எனக்கு இன்னைக்குத்தான் அலுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஏறி நடந்தான்.

மறுநாள் காலை, கூப்பிடாமலே ஆபரேட்டர் வந்து நின்றார். ஸ்கூட்டியில் பெரிய ஸ்பானர்கள் கட்டியிருந்தன.

"உங்க தம்பி போன் பண்ணாரு. தன்னால வர முடியாது, நீங்க போய் மாட்டிக் குடுங்கன்னாரு. சீலு இங்க இருக்காமே?"

அவள் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கும்போது அவர் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். சட்டைக் காலருக்கு மேலே அகலமான பட்டையின் விளிம்பு தெரிந்தது.

"கழுத்துல என்னண்ணே?" என்றாள்.

"எலும்பு தேஞ்சுபோச்சும்மா. ஒரு வருஷமா திரும்பறதில்ல. முன்னாடியும் பின்னாடியும் பாக்காம இந்த வண்டிய ஓட்ட முடியுமா? அன்னைக்கே சொல்லியிருப்பேன். விக்கிறவனுக்கு அவசரம்னு தெரிஞ்சா வாங்கறவங்க சும்மா விடுவாங்களா? அதான் வீட்டம்மா வாய அடைச்சேன்." லேசாகச் சிரித்தார். "உங்ககிட்ட வேற. நீங்க வந்து நின்ன தோரணைக்கே எனக்குப் பாதி உசுரு போயிருச்சு."

கையைத் தரையில் படுக்க வைத்து, சிலிண்டரின் தலையைக் கழற்றினார்கள். அவர் சொல்லச் சொல்லப் புருஷன் இடது கையால் ஸ்பானரை அழுத்தினான். அவள் எண்ணெய் பிடிக்க அகலச் சட்டியை வைத்தாள்.

"இந்த சீலு எதுக்குத் தெரியுமாம்மா?" ஆபரேட்டர் வேலையோடு வேலையாகப் பேசினார். "வண்டி வித்துக் குடுத்தவனுக்குக் கமிஷன் குடுக்கறது எங்க வழக்கம். உங்க தம்பிகிட்ட நீட்டினேன். 'எனக்கு வேண்டாம்ணே, எங்க அக்கா வீட்டு வண்டி. பழைய ரப்பரு என்னைக்கு இருந்தாலும் ஒரு நாள் ஒழுகும். அதுக்கு ஒரு செட்டு குடுத்துருங்க'ன்னாரு. எனக்கே வெக்கமாப் போச்சு."

அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழுந்தது.

ஆபரேட்டர் பழைய சீலை நெம்பி எடுத்தார். ஒரு பக்கம் பிளேடால் சீவியது போல நைந்திருந்தது. அவர் முகம் மாறியது. ராடைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். நகத்தை ஓட்டினார்.

"கல்லு பட்டுச்சுன்னு சொன்னாரு உங்க தம்பி. கல்லு பட்டா குழி விழும். இது கோடுல்ல? பிடிச்சு இழுத்த மாதிரி இருக்கு. கோட்டு விளிம்புல எந்திரிச்ச இந்த முள்ளுதான் உள்ள போயிப் போயி வந்து சீல அறுத்திருக்கு. யாரு கைய வச்சது இதுல?"

புருஷனின் கண் அவள் இடுப்புக்குப் போனது. சாவிக்கொத்தில் டிரில் முனை தொங்கியது. ஒரு நிமிஷம். பிறகு அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கல்லுதாண்ணே" என்றான். "இந்த வடிகாலுல கல்லுக்கா பஞ்சம்? கல்லுதான்."

இருபத்தாறு வருஷத்தில் அவன் சொன்ன எத்தனையோ பொய்யை அவள் பிடித்திருக்கிறாள். இந்தப் பொய்யை அவளால் பிடிக்க முடியவில்லை. நேற்று தம்பியின் கட்டைவிரல் எந்த இடத்தில் நின்றது என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்த முனையைக் கொடுத்தவனே அவன்தானே. பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். விரலால் மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த நேரத்தில்தான் அவள் கேட்டாள், எவ்வளவு வாங்கின என்று. பூமி வாய் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"கல்லு இல்லண்ணே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "கல்லு இல்ல. நான்தான் கீறினேன். உங்க வீட்டுல டீ குடிக்கப் போனப்ப. கை இறங்குதான்னு பாக்க அடையாளம் போட்டேன்."

ஆபரேட்டர் ராடைக் கீழே வைத்தார். துணியால் கையைத் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்ததை மூக்கு காட்டிக்கொடுத்தது.

"இருபது வருஷம்மா. துணியத் தவிர வேற ஒண்ணு அந்த ராடு மேல பட்டதில்ல. என் பொண்டாட்டிய வளையல் கையோட தொட விட்டதில்ல." மூச்சு விட்டார். "என்கிட்ட கேட்டிருந்தா ஒரு சாக்பீஸ் குடுத்திருப்பேனே."

கேட்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை.

அவர் பையிலிருந்து வழவழப்பான சின்னக் கல்லை எடுத்து, எண்ணெய் தொட்டு, அந்தக் கோட்டின் மேல் தேய்க்க ஆரம்பித்தார். தேய்ப்பதும் நகத்தால் தடவிப் பார்ப்பதுமாக முக்கால் மணி நேரம். "முள்ளு போயிருச்சு. கோடு போகாது. லேசா வியர்க்கும், ஒழுகாது" என்றார். மத்தியானத்துக்கு முன்னால் கை எழுந்து நின்றது. புருஷன் ஏறி உட்கார்ந்து மிச்ச வடிகாலை வெட்டத் தொடங்கினான். அவள் பக்கம் திரும்பவில்லை. திட்டவும் இல்லை.

அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள். முட்டைக் குழம்பு வைத்தாள், தம்பிக்குப் பிடிக்கும். நாலு எலுமிச்சை பிழிந்து சர்க்கரை கலந்து பாட்டிலில் ஊற்றினாள். தூக்குச்சட்டியையும் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தம்பியின் கடை ஒரு ஷட்டர் அகலம்தான். வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார்கள். உள்ளே பெஞ்சில் குனிந்து காயிலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "வா" என்றும் சொல்லவில்லை, "ஏன் வந்த" என்றும் கேட்கவில்லை. கையிலிருந்த சுற்றை முடித்துவிட்டு, கிரீஸ் துணியால் ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் தள்ளினான்.

அவள் உட்காரவில்லை. சாவிக்கொத்திலிருந்து டிரில் முனையைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"தெரிஞ்சு ஏண்டா சொல்லல?"

"மாமா இருந்தாரு. வயல்ல ஆளு இருந்தாங்க." கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாயங்காலம் உனக்குப் போன் பண்ணித் தனியாச் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்ட."

"நானே சொல்லிட்டேன். ரெண்டு பேரு முன்னாடியும்."

"மாமா என்ன சொன்னாரு?"

"அதுக்கு முன்னாடி அவரும் கல்லுன்னுதான் சாதிச்சாரு."

தம்பியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாக மாறவில்லை.

"நீ கேட்டது வலிக்குதுக்கா" என்றான். "கூலின்னு சொன்ன பாரு, அது."

"தெரியும்டா." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்பு பண்ணிட்டேன். நேத்து சாப்பிடாம வந்துட்ட. சாப்பிடு."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தாள். அவன் நாலு வாய் சாப்பிட்டான். விக்கல் எடுத்தது. "குடிக்க என்ன இருக்கு?" என்று கையை நீட்டினான்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்தவள் அப்படியே நின்றாள். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, எலுமிச்சைச் சாறு நிற்கிற மட்டத்தில், புதிதாக ஒரு கீறல் இருந்தது. எப்போது போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. பஸ்ஸில் பையை டிரைவர் பக்கம் வைக்க வேண்டியிருக்கும் என்று கை தானாகப் போட்டிருக்கிறது. அவள் கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு பாட்டிலை நீட்டினாள்.

அவன் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. அவன் அவள் விரலைப் பார்த்தான், அப்புறம் முகத்தைப் பார்த்தான்.

"கைய எடுக்கா" என்றான். "விக்குது, குடிக்கணும்."